சட்ட நூலகர் வேலை: வழக்கறிஞர் நிறுவனமா, நீதிமன்றமா, சட்டக் கல்லூரியா?

நூலக அறிவியல் படித்துவிட்டுச் சட்ட நூலகத் துறைக்குள் வர நினைப்பவருக்குப் பெரும்பாலும் மூன்று இடங்கள் திறந்திருக்கும். வழக்கறிஞர் நிறுவனத்தின் நூலகம், நீதிமன்ற நூலகம், சட்டக் கல்லூரி நூலகம். அரசுத் துறைகளிலும் சட்டமன்றங்களிலும் இடங்கள் உண்டு என்றாலும் எண்ணிக்கை குறைவு. பதவியின் பெயர் எங்கும் ஒன்றுதான், வேலைதான் வேறு. சம்பளத்தையும் விடுமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுத்தவர்கள் ஓராண்டுக்குள் சலித்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

ஒப்பிட வேண்டியவை மூன்று. உங்கள் மேசைக்கு வரும் கேள்வி யாருடையது? விடை எத்தனை நேரத்தில் வேண்டும்? விடை தப்பினால் பாதிப்பு யாருக்கு? இந்த மூன்றும் தெரிந்தால் சம்பளப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போனாலும் தேவைப்படும் ஒன்று

ஒரு சட்டப் பிரிவு என்ன சொல்கிறது என்பதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். குறிப்பிட்ட ஒரு தேதியில் அது என்ன சொன்னது என்பதுதான் சட்ட நூலகரிடம் வரும் கேள்வி. ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தானது, அதற்குப் பின் சட்டம் இரண்டு முறை திருத்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையதளம் காட்டுவது பெரும்பாலும் இன்றைய வாசகத்தைத்தான். வழக்குக்கு வேண்டியது அன்றைய வாசகம்.

இதில் மூன்று தேதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சட்டம் நிறைவேறிய நாள், அரசிதழில் வெளியான நாள், அமலுக்கு வந்த நாள். ஒரே சட்டத்தின் சில பிரிவுகள் ஒரு நாளிலும் மற்றவை வேறொரு நாளிலும் அமலுக்கு வருவது சாதாரணம். அறிவிப்பு வராமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பிரிவுகளும் உண்டு. எனவே திருத்தச் சட்டத்தை எடுத்து, அமலாக்க அறிவிப்பைத் தேடி, கடைசியில் இருக்கும் பாதுகாப்புப் பிரிவைப் படித்த பிறகுதான் விடை. பழைய வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்று அந்தப் பாதுகாப்புப் பிரிவு சொல்லியிருக்கலாம். இதனாலேயே சட்ட நூலகத்தில் பழைய பதிப்புகளைக் கழித்துக்கட்டும்போது கை நடுங்க வேண்டும். முதுகில் ‘பழைய பதிப்பு’ என்று பட்டை ஒட்டித் தனி அலமாரிக்கு மாற்றலாம். எடைக்குப் போட்டுவிட்டால் அன்றைய வாசகத்தைத் திருத்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த வேலை பிடிக்கிறது என்றால் துறை உங்களுக்கு ஒத்துவரும். எந்த இடம் என்பதை இனிப் பார்க்கலாம்.

வழக்கறிஞர் நிறுவனம்

காலை 11 மணிக்குக் கேள்வி வரும், மதியம் 2 மணிக்குள் விடை வேண்டும். கேட்பவர் உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர், நேரத்துக்குப் பணம் தருபவர் அவருடைய கட்சிக்காரர். கேள்வியை வாங்கும்போதே ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த நீதிமன்ற எல்லை, எப்போதைக்குள், எவ்வளவு நேரம் செலவிடலாம், எந்தக் கோப்பின் கணக்கில் எழுதுவது, இதுவரை எதையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். புதியவர்கள் தவறவிடுவது கடைசிக் கேள்வியை. இளநிலை வழக்கறிஞர் காலையிலேயே தேடிய அதே தேடலை நூலகர் மறுபடியும் தேடுவார், இரண்டும் பில்லில் ஏறும், கட்சிக்காரர் இரண்டாவதைத் தர மறுப்பார்.

விடையை எழுதும் முறையும் இங்கே தனி. முதல் மூன்று வரியில் விடை இருக்க வேண்டும், அதன் கீழே ஆதாரங்கள், அதற்கும் கீழே எங்கே தேடினீர்கள், எந்தச் சொற்களைப் போட்டீர்கள், எந்தத் தேதியில் என்ற விவரம். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதும் மதிப்புள்ள முடிவு, ஆனால் எங்கெங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் மட்டும்.

2023-க்குப் பிறகு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. அந்த ஆண்டு நியூயார்க்கில், மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்ததற்காக வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சைட்டேஷன், அதாவது தீர்ப்பு எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டும் குறிப்பு, வரிசைப்படி சரிபார்க்கப்பட வேண்டும். முதலில், அந்தத் தொகுதியும் பக்கமும் இருக்கின்றனவா? அந்தப் பக்கத்தில் தொடங்குவது அதே தரப்பினரின் வழக்கா? மேற்கோள் காட்டிய வரி தீர்ப்பின் அந்தப் பத்தியில் உண்டா? கடைசியாக, அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா, மேல்முறையீட்டில் கவிழ்ந்ததா? கற்பனைத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு படியிலேயே விழுந்துவிடும். மூன்றாம் படிதான் ஆபத்தானது, ஏனென்றால் உண்மையான தீர்ப்பில் இல்லாத வரியை இருப்பதாகக் காட்டுவது கண்ணுக்கு எளிதில் தெரியாது. மேற்கோள் உண்மையில் இருந்தாலும் அது தலைப்புக் குறிப்பிலிருந்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும். தீர்ப்பின் தலைப்பில் வரும் அந்தச் சுருக்கத்தைத் தொகுப்பாசிரியர் எழுதுகிறார், அது தீர்ப்பின் பகுதி கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை 1906-லேயே டெட்ராய்ட் டிம்பர் வழக்கில் சொல்லிவிட்டது. இன்றும் அந்தத் தவறு தாக்கல்களில் வந்துகொண்டே இருக்கிறது.

நிறுவன நூலகர் வேலையில் பாதி ஒப்பந்தம். தரவுத்தளச் சந்தாக்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்தோடு வரும். வேண்டாம் என்றால் 60 அல்லது 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறிக்காமல் விட்டால் யாரும் பயன்படுத்தாத சந்தாவுக்கு இன்னொரு முழு ஆண்டு பணம் கட்டியாக வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் விலை ஏறும், பயனர் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும், சந்தா முடிந்த பிறகு இறக்கி வைத்த ஆவணங்களை வைத்துக்கொள்ளலாமா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்.

பதிப்புரிமையும் நிறுவனத்தில் பெரிய கண்ணிவெடி. 2003-ல் அமெரிக்காவில் லெக் மேசன் என்ற நிதி நிறுவனத்தின் மீது ஜூரி ஏறக்குறைய 2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஒரே ஒரு சந்தாவில் வாங்கிய செய்திமடலை நிறுவனத்துக்குள் பலருக்கும் நகலெடுத்து அனுப்பியதுதான் குற்றச்சாட்டு. அது வழக்கறிஞர் நிறுவனம் கிடையாது, ஆனாலும் ஒரு சந்தா எடுத்து நாற்பது பேருக்கு அனுப்பும் பழக்கம் எந்த அலுவலகத்திலும் உண்டு. அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் நூலகர். நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த வழக்கறிஞரிடம் ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு இந்த வேலைக்கு அவசியம் வேண்டும்.

நீதிமன்ற நூலகம்

இங்கே வாசகர்கள் இரு வகை: ஒருபுறம் நீதிபதிகளும் அவர்களின் உதவியாளர்களும், மறுபுறம், நூலகம் பொதுமக்களுக்குத் திறந்திருந்தால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் தானே வழக்காட வந்தவர்கள்.

நீதிபதி கேட்பதற்குப் பக்கச்சார்பில்லாத விடை வேண்டும். நிறுவனத்தில் கட்சிக்காரருக்குச் சாதகமான தீர்ப்பை முதலில் தேடுவீர்கள், இங்கே இரு பக்கத்துத் தீர்ப்புகளையும் ஒரே கவனத்தோடு எடுத்து வைப்பீர்கள். அதைவிட முக்கியம் இரகசியம். ஒரு நீதிபதி எந்தத் தலைப்பில் புத்தகம் கேட்டார் என்பது வெளியே தெரிந்தால் வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிக்க முடியும். இது பெரிய சதியால் கசிவதில்லை, சின்னச் சின்ன அலட்சியத்தால் கசிகிறது. நீதிபதியின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டோடு தள்ளுவண்டியில் நிற்கும் புத்தகம், நகலெடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடியில் மறந்து விட்ட அசல் பக்கம், பொதுக் கணினியில் தானாக நிரம்பும் பழைய தேடல் சொல். நாள் முடிவில் இந்த மூன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பொதுமக்கள் பக்கம் வந்தால், தகவலுக்கும் ஆலோசனைக்கும் நடுவே உள்ள கோடு. ‘மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு?’ என்று ஒருவர் கேட்கிறார். கெடு பற்றிய சட்டத்தையும் நீதிமன்ற விதிப் புத்தகத்தையும் எடுத்து, பக்கத்தைத் திறந்து, அட்டவணையில் எப்படித் தேடுவது என்று காட்டலாம். படிவம் எங்கே கிடைக்கும் என்று சொல்லலாம். அவருடைய வழக்குக்கு நாட்களை எண்ணித் தரக் கூடாது. கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதே ஒரு சட்டக் கேள்வி. தீர்ப்புச் சொன்ன நாளா, நகல் கையில் கிடைத்த நாளா என்பதில் நூலகர் தவறினால் அந்த மனிதர் உரிமையையே இழப்பார். உரிமம் இல்லாமல் சட்டத் தொழில் செய்தது என்ற குற்றச்சாட்டும் பல நாடுகளில் வரக்கூடும்.

‘நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விதான் மிகவும் கஷ்டமானது. வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வாங்கிக்கொண்டு எதிரே நிற்பவரிடம் வெறுமனே ‘சொல்ல முடியாது’ என்றால் கல்லில் மோதியதுபோல் இருக்கும். இப்படிச் சொல்லலாம்: ‘எந்தப் படிவம் உங்களுக்குப் பொருந்தும் என்று நான் தேர்ந்து சொல்ல முடியாது. இந்த இரண்டு படிவமும் எதற்கானவை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது, இதோ இந்தப் பக்கம். இலவசச் சட்ட உதவி தரும் இடங்களின் பட்டியல் இது.’ இதை ஒரு நாளைக்குப் பத்து முறை, பத்தாவது முறையும் அதே கனிவோடு சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால், மூன்று இடங்களில் இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எழுத்தில் உள்ள கொள்கை ஒன்று நூலகத்தைக் காப்பாற்றிய கதை இந்தத் துறையில் புகழ்பெற்றது. டொரன்டோவின் ஆஸ்குட் ஹாலில் இருக்கும் கிரேட் லைப்ரரி, வழக்கறிஞர்கள் கேட்கும் தீர்ப்புகளையும் கட்டுரைகளையும் நகலெடுத்து அனுப்பி வந்தது. சட்டப் பதிப்பகங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2004-ல் கனடா உச்ச நீதிமன்றம் நூலகத்தின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நூலகம் கையில் வைத்திருந்த நகல் கொள்கை அதற்கு முக்கியக் காரணம். ஒரு கோரிக்கைக்கு ஒரு தீர்ப்பு, ஒரு கட்டுரை என்ற அளவு அதில் இருந்தது. ஒரு நூலில் 5 சதவீதத்துக்கு மேல் கேட்டால் ரெஃபரன்ஸ் நூலகரின், அதாவது வாசகர் கேள்விகளைக் கவனிக்கும் நூலகரின், பார்வைக்குப் போகும், மறுக்கப்படவும் கூடும் என்றும் எழுதியிருந்தது. நீங்கள் சேரப்போகும் நூலகத்தில் இப்படி ஒரு பக்கக் கொள்கை இல்லையென்றால் முதல் மாதத்திலேயே எழுத வேண்டியது அதுதான்.

பக்கங்களைக் கழற்றி மாற்றும்படி பைண்டரில் அச்சாகி வரும் லூஸ்-லீஃப் சேவைகள் இன்னும் கணிசமாக உயிரோடிருப்பது நீதிமன்ற நூலகங்களில்தான். புதிய பக்கங்களின் கட்டு வரும்போது முதலில் அதன் வெளியீட்டு எண்ணைப் பாருங்கள். பைண்டரில் கடைசியாகச் சேர்ந்தது 41, இப்போது வந்திருப்பது 43 என்றால் அதைத் தொடவே கூடாது. 42 சேர்ந்துவிட்டது என்ற கணக்கில்தான் 43-ன் ‘எடு, வை’ தாள் எழுதப்பட்டிருக்கும். 42-ஐக் கேட்டு வாங்கிச் சேர்த்த பிறகே அடுத்தது. சேர்த்து முடித்ததும் பக்கப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, பதிவுத்தாளில் தேதியும் கையெழுத்தும் போட்ட பிறகுதான் கழித்த பக்கங்களைத் தூக்கிப் போடலாம். ஒரு பக்கம் தவறிப்போனால் ரத்தான பிரிவை நம்பி உத்தரவு எழுதப்படும்.

சட்டக் கல்லூரி

இங்கே கேள்விக்கு வாரக்கணக்கில் நேரம் உண்டு. பேராசிரியர் 18-ஆம் நூற்றாண்டுத் தீர்ப்பு ஒன்றின் மூலத்தைக் கேட்பார், வேறு நாட்டுச் சட்டத்தின் நம்பகமான மொழிபெயர்ப்பைக் கேட்பார். ஆழமாகத் தோண்டுவதில் இன்பம் காண்பவர்களுக்கு இது தோதான இடம். வகைப்பாட்டிலும் வேலை உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் சட்டத்துக்கான கே பிரிவையும், எலிசபெத் மாய்ஸ் 1968-ல் வெளியிட்ட வகைப்பாட்டையும் புரிந்துகொண்டவர் எந்த நாட்டுச் சட்ட நூலக அலமாரியிலும் வழி தவறமாட்டார்.

கற்பித்தல் இங்கே வேலையின் மையம். மாணவர்களுக்குத் தரவுத்தளம் அளவில்லாமல் கிடைப்பதால் தேடலுக்குச் செலவு உண்டு என்பதே தெரியாமல் வெளியே போகிறார்கள். முதலில் ஒரு பாடநூலையோ கலைக்களஞ்சியத்தையோ படித்து, சரியான சொற்களைப் பிடித்து, பிறகு தரவுத்தளத்துக்குப் போகும் ஒழுங்கைக் கற்றுத் தருவது இங்குள்ள நூலகரின் பெரிய பங்களிப்பு.

மேற்கோள் காட்டிய இணைப்புகள் செத்துப்போவதும் கல்லூரி நூலகங்கள் கையிலெடுத்த பிரச்சினை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய இணைப்புகளில் ஏறக்குறைய பாதி, முதலில் காட்டிய தகவலுக்கு இப்போது போவதில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதற்குத் தீர்வாக ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் 2013-ல் தொடங்கியதுதான், மேற்கோள் காட்டிய இணையப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் பெர்மா சேவை. இது போன்ற திட்டங்களுக்கு ஆள், நேரம், பொறுமை மூன்றும் கல்லூரியில்தான் கிடைக்கும்.

குறை என்னவென்றால், நடைமுறையிலிருந்து விலகிப் போவது. பல கல்லூரிகளில் பதவி நிரந்தரமாகக் கட்டுரை வெளியிட வேண்டும், குழுக் கூட்டங்கள் நேரத்தைத் தின்னும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் எங்கள் தீர்ப்பு இது: கற்பித்தலில்தான் மனம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டு இருந்துவிட்டு மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போவது நல்லது. அந்த வேகத்தைப் பிறகு கற்றுக்கொள்வது கடினம், ஆழத்தைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம்.

சட்டப் பட்டமும் வேண்டுமா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ரெஃபரன்ஸ் பதவிகளுக்கும் இயக்குநர் பதவிக்கும் சட்டப் பட்டம், நூலகப் பட்டம் இரண்டையும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். நிறுவனங்களிலும் நீதிமன்றங்களிலும் நூலகப் பட்டம் மட்டும் கொண்டு நல்ல நிலைக்கு வந்தவர்கள் ஏராளம். பதவி உயர்வுக்காக மட்டும் மூன்று ஆண்டுகளைச் சட்டப் படிப்பில் போடுவதற்கு முன், சட்ட ஆராய்ச்சி முறை பற்றிய ஒரு பாடத்தைப் படித்து, ஒரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சங்கப் பணியில் எதைத் தேர்வது

அமெரிக்கச் சட்ட நூலகங்களின் சங்கம் 1906-ல் தொடங்கியது, 1908 முதல் அதன் இதழ் வருகிறது. சர்வதேசச் சட்ட நூலகங்களின் சங்கம் 1959-ல், பிரிட்டன் மற்றும் அயர்லாந்துச் சங்கம் 1969-ல் பிறந்தன. இவற்றில் வட்டாரக் கிளை, தேசியக் குழு, சர்வதேச ஆண்டுப் பயிலரங்கு, இதழில் எழுதுவது என்று வழிகள் பல. எல்லாவற்றிலும் கால் வைக்க முடியாது. உங்கள் வேலையிடம் எதைத் தரவில்லையோ அதைச் சங்கத்தில் தேடுங்கள் என்பதே எங்கள் அளவுகோல்.

நிறுவனத்தில் நீங்கள் பெரும்பாலும் தனி ஆள். உங்களுக்கு முதலில் தேவை வட்டாரக் கிளை. மதியம் 2 மணிக்கு முன் ஒரு பழைய தொகுதியின் நான்கு பக்கம் வேண்டும் என்றால், பக்கத்து நூலகரின் தொலைபேசி எண் உங்களிடம் இருப்பதைவிட வேகமான தரவுத்தளம் எதுவும் கிடையாது. கல்லூரியில் இருப்பவருக்கு எழுதும் வாய்ப்பு தானாகவே வரும், எனவே அவர் நிறுவன நூலகர்கள் உட்காரும் பிரிவில் போய் உட்கார வேண்டும். அங்கே கேட்பவற்றிலிருந்து பாடத்திட்டமே மாறும். வேற்று நாட்டுச் சட்டத்தைக் கையாள்பவருக்குச் சர்வதேசப் பயிலரங்கு நல்ல முதலீடு, அதற்கு உதவித்தொகையும் உண்டு.

நீதிமன்றத்திலும் அரசிலும் இருப்பவர்களுக்குத் தேசியக் கொள்கைக் குழுக்களையே பரிந்துரைப்போம். அங்கே உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2007-ல் அமெரிக்கச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒவ்வொரு மாநிலத்தின் இணையதளத்திலும் உள்ள சட்ட வாசகம் அதிகாரபூர்வமானதா, யாரும் கைவைத்து மாற்றாதது என்று உறுதிசெய்ய வழி உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். பல மாநிலங்கள் அச்சை நிறுத்திவிட்டு, உறுதிசெய்யும் ஏற்பாடே இல்லாத இணையப் பக்கத்தை நம்பியிருந்தன. அந்த அறிக்கை கிளப்பிய அக்கறையில் 2011-ல் மின்னணுச் சட்ட ஆவணங்களுக்கான மாதிரிச் சட்டம் உருவானது. உறுதிசெய்தல், பாதுகாத்தல், நிரந்தர அணுக்கம் மூன்றையும் அது கட்டாயமாக்குகிறது. பட்டியல் நிரப்பும் குழு வேலை ஒன்று சட்டமாக மாறிய இடம் இது.

சங்கத்துக்கு வெளியேயும் இடம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1992-ல் தொடங்கி, ஆஸ்திரேலியாவில் 1995-ல் வளர்ந்து, 2002-ன் மான்ட்ரியல் பிரகடனத்தில் ஒரு குரலாகச் சேர்ந்த இலவசச் சட்ட அணுக்க இயக்கம் (சட்டங்களையும் தீர்ப்புகளையும் யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கச் செய்வது), தீர்ப்புகளைச் சரிபார்த்து ஏற்றவும் ஒழுங்குபடுத்தவும் தெரிந்தவர்களுக்கு நல்ல களம்.

இதில் வழக்கமாக நேரும் பிழைகள் சில. முதல் ஆண்டிலேயே பொருளாளர் பதவியை ஏற்பது ஒன்று. கணக்கு எழுதியே ஆண்டு முடியும், யாரையும் பழகியிருக்க மாட்டீர்கள். மூன்று குழுக்களுக்கு ஒரே நேரத்தில் தலையாட்டுவது இன்னொன்று. முதலில் ஒரு குழு, மாதம் மூன்று மணி நேரம், முடிவுத் தேதி உள்ள ஒரு வேலை. அது முடிந்த பிறகு அடுத்தது. பதிப்பகங்களின் விலை பற்றிக் கூட்டங்களில் பேசும்போதும் கவனம் வேண்டும். ‘எல்லோரும் சேர்ந்து அந்தப் பதிப்பகத்தின் சந்தாவை நிறுத்துவோம்’ என்ற பேச்சு பல நாடுகளில் போட்டிச் சட்டத்தை மீறும். உங்கள் சந்தா விலையை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே தடையும் இருக்கலாம். மாநாட்டுச் செலவைப் பதிப்பகம் ஏற்கும்போது, அதே பதிப்பகத்தோடு அந்த ஆண்டு ஒப்பந்தம் பேசப்போகிறவர் நீங்கள்தானா என்று பார்த்து, ஆம் என்றால் மறுத்துவிடுங்கள்.

நேர்காணலில் உங்களைக் கேட்டு முடித்ததும் நீங்கள் நான்கு கேள்வி கேளுங்கள். தரவுத்தள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் யார்? நூலகர் விடுமுறையில் இருக்கும் நாளில் மேசையில் யார் உட்காருவார்? சங்கச் சந்தாவையும் கூட்டத்துக்குப் போகும் நாட்களையும் வேலையிடம் ஏற்குமா? கடந்த ஆண்டு நூலகத்துக்கு வந்த கேள்விகளின் பதிவேடு இருக்கிறதா, பெயர்களை மறைத்துவிட்டு ஒரு மாதத்தைப் பார்க்கலாமா? அப்படி ஒரு பதிவேட்டை எடுத்து வைத்தார்கள் என்றால், அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். எந்தக் கேள்விக்கு உங்கள் கை தானாக அலமாரியை நோக்கிப் போகிறது என்று கவனியுங்கள்.